மின்தடையில் சிதைந்த கிட் களஞ்சியத்தை அதே அடையாளத்துடன் மீட்டது

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய சிற்றிதழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதன் களஞ்சியம் வீட்டு மேசைக்கணினியில், உபுண்டு 24.04 இயங்குதளத்தில், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளின் 2.43 பதிப்பில் இருக்கிறது. கமிட் செய்த (அப்போதைய நிலையை வரலாற்றில் பதிவுசெய்த) அரை நிமிடத்திற்குள் மின்சாரம் போனதால் அந்தக் களஞ்சியம் திறக்க முடியாத நிலைக்கு வந்தது; கடைசிக் கமிட்டின் 40 இலக்க அடையாளம் ஓர் இலக்கமும் மாறாமல் அதை மீண்டும் உருவாக்க முடிந்தது. எந்த வரிசையில் என்ன செய்தேன், எங்கே வழி தவறியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடையாளம் மாறக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு கமிட்டிற்கும் பிறகு பின்னணியில் ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட், மாதிரிப் பக்கம் ஒன்றை மாற்றி, அதன் முதல் வரியில் கமிட்டின் அடையாளத்தைப் பொறித்து, மெய்ப்புப் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் பொதுச் சேமிப்பிடத்திற்கு அனுப்பிவிடும். அன்றும் அது அனுப்பிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்பி அதே மாற்றங்களைப் புதிய கமிட்டாகச் செய்வது எளிது என்றாலும், வெளியே போய்விட்ட பக்கம் களஞ்சியத்தில் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டிருக்கும். தொலைச் சேமிப்பகத்திலிருந்து மறுபடி குளோன் செய்வதும் (முழுதாக நகலெடுப்பதும்) உதவாது, ஏனெனில் அங்கே இருந்தது முந்தைய கமிட் வரைதான்.

மின்சாரம் திரும்பியதும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தபோது, ஆப்ஜெக்ட் (கிட் சேமிக்கும் ஒரு தரவுத் துண்டு) கோப்பு காலியாக இருக்கிறது என்றும், ‘48’ என்று தொடங்கும் ஆப்ஜெக்ட் சிதைந்துள்ளது என்றும் இரண்டு வரிகள் வந்தன. இந்த நிலையில் எதையும் தொடுவதற்கு முன், ‘.கிட்’ அடைவு உட்பட முழுக் கோப்புறையையும் ‘டார்’ கோப்பாகக் கட்டி ஒரு பென்டிரைவில் வைத்தேன். நேரடியாக நகலெடுக்காமல் டாரில் கட்டியதற்குக் காரணம், அந்தப் பென்டிரைவின் எக்ஸ்ஃபேட் அமைப்பு லினக்ஸின் கோப்பு அனுமதிகளைக் காப்பாற்றாது. கிட்டோ ஒரு கோப்பு இயக்கத்தக்கதா இல்லையா என்பதையும் அடைவின் பதிவில் 100755 அல்லது 100644 என்று சேர்த்தே எழுதுகிறது. அனுமதி மாறினால் அடைவின் அடையாளமும் மாறிவிடும்.

அடுத்து, ‘.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்’ அடைவில் பூஜ்யம் பைட் அளவுள்ள கோப்புகளை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடினேன். ஆறு கிடைத்தன. ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் தன் அடையாளத்தின் முதல் இரண்டு இலக்கங்களைப் பெயராகக் கொண்ட துணை அடைவில், எஞ்சிய 38 இலக்கங்களைக் கோப்புப் பெயராகக் கொண்டு இருக்கும். எனக்குக் கிடைத்தவை 03, 27, 48, 65, 70, 91 ஆகிய துணை அடைவுகளில் இருந்தன. இனி அவற்றை அந்த எண்களாலேயே குறிப்பிடுகிறேன்.

இங்கே பூஜ்யம் பைட் என்பது ஐயத்திற்கு இடமில்லாத சேதம். ஒன்றுமே எழுதப்படாத வெற்றுக் கோப்பை கிட்டில் சேர்த்தாலும், அதன் ஆப்ஜெக்ட் கோப்பு காலியாக இருக்காது. உள்ளடக்கத்திற்கு முன்னால், ஒரு கோப்பின் உள்ளடக்கம் என்பதைக் குறிக்கும் ‘பிளாப்’ என்ற வகைப்பெயர், ஓர் இடைவெளி, பைட் எண்ணிக்கை, ஒரு சுழிய பைட் ஆகியவற்றைக் கொண்ட தலைப்பு சேர்க்கப்பட்டு, அனைத்தும் இசட்லிப் முறையில் சுருக்கப்பட்டே வட்டில் எழுதப்படுகின்றன. ‘வணக்கம்’ என்று எழுதி ஒரு வரிமுறிவு இட்ட கோப்பின் தலைப்பில் 22 என்ற எண் இருக்கும்: யுடிஎஃப்-8 முறையில் ஏழு குறியீடுகளுக்கு மும்மூன்று பைட், வரிமுறிவுக்கு ஒன்று. சுருக்குவதற்கு முன் உள்ள இந்தத் தலைப்பும் உள்ளடக்கமும் சேர்ந்த பைட் வரிசையின் எஸ்எச்ஏ-1 ஹேஷ் மதிப்பே (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) ஆப்ஜெக்ட்டின் அடையாளம். சேதமடையாத ஓர் ஆப்ஜெக்ட்டைப் பைத்தானில் நான்கு வரிகளில் விரித்துப் பார்த்து, தலைப்பு இப்படித்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டேன். பின்னால் இது நேரடியாகப் பயன்பட்டது.

பெயரே உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதால், கோப்பு காலியாகிப் போனாலும் அதன் பெயரைக் கொண்டு எந்த ஊகத்தையும் சரிபார்க்கலாம். கடைசிப் பைட் வரை சரியாக இருந்தால் மட்டுமே அதே பெயர் வரும். மீட்பு வேலை முழுவதும் இந்த ஒன்றை நம்பித்தான் நடந்தது.

எது எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்க ஆப்ஜெக்ட்களைத் துழாவ வேண்டியிருக்கவில்லை. கமிட்டில் சேர வேண்டிய கோப்புகளின் பட்டியலான ‘.கிட்/இன்டெக்ஸ்’ கோப்பு நல்ல நிலையில் இருந்தது. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -எஸ்’ கட்டளை ஒவ்வொரு கோப்பின் அனுமதி எண்ணையும் பிளாப் அடையாளத்தையும் பாதையையும் வரிசையாகக் காட்டும். அதன்படி, 03 என்பது விதிகள் அடைவில் உள்ள பாமினி எழுத்து அட்டவணை. 65 என்பது சோதனைகள் அடைவில் உள்ள மாதிரிப் பக்கம். எஞ்சிய நான்கில் 48 கமிட் என்பது பிழைச்செய்தியிலேயே தெரிந்தது. ஆக 27, 70, 91 மூன்றும் அடைவுகளைக் குறிக்கும் ட்ரீ ஆப்ஜெக்ட்களாகவே இருக்க வேண்டும்: மாற்றம் நடந்த இரண்டு துணை அடைவுகளுக்கு ஒவ்வொன்று, மேல் அடைவுக்கு ஒன்று.

கிட் வேறுபாடுகளை மட்டும் சேமிக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பட்டியல் அதற்கு நேர்மாறானதைக் காட்டியது. ஒவ்வொரு கமிட்டும் முழு அடைவின் ஒரு ட்ரீயைச் சுட்டுகிறது. மாறாத கோப்புகளின் பிளாப்கள் பழைய கமிட்களில் இருந்தவையேதான். இருநூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ள களஞ்சியத்தில் ஒரு கமிட் முழுதாகச் சிதைந்தபோது தொலைந்தது ஆறே ஆப்ஜெக்ட்கள் என்பது அதனால்தான்.

முதலில் எளிதான 65-ஐ எடுத்துக்கொண்டேன். மாதிரிப் பக்கம் கமிட்டிற்குப் பிறகு மாறவில்லை. ‘கிட் ஹேஷ்-ஆப்ஜெக்ட் -டபிள்யூ’ கட்டளைக்கு அந்தக் கோப்பைக் கொடுத்தேன். 65 என்று தொடங்கும் சரியான அடையாளம் திரையில் வந்தது. பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆப்ஜெக்ட் கோப்பின் அளவைப் பார்த்தால் அதே பூஜ்யம். மறுபடி கொடுத்தாலும் அதே கதை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், அது அந்த உள்ளடக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று கிட் எடுத்துக்கொள்கிறது; அதன் நேரக்குறியை மட்டும் புதுப்பித்துவிட்டு எழுதுவதைத் தவிர்த்துவிடுகிறது. பெயர் ஒன்றென்றால் உள்ளடக்கமும் ஒன்று என்ற நம்பிக்கை சேமிப்பிடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது, ஆனால் சேதமடைந்த கோப்பை மாற்றவிடாமலும் தடுக்கிறது. இந்தச் சோதனையில் 65-இன் நேரக்குறி மாறிப்போனது. மற்ற ஐந்தையும், குறிப்பாக 48-ஐ, இப்படித் தொட்டிருந்தால் பின்னால் தேவைப்பட்ட ஒரு தடயம் கணினியிலிருந்து போயிருக்கும், டாரில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆகவே ஆறு காலிக் கோப்புகளையும், நேரக்குறி மாறாதபடி, களஞ்சியத்திற்கு வெளியே வேறோர் அடைவுக்கு நகர்த்தினேன். பிறகு அதே கட்டளையைக் கொடுத்ததும் 65 முழுமையாக எழுதப்பட்டது.

03 அவ்வளவு எளிதாக இல்லை. கமிட் முடிந்தவுடன் அட்டவணையில் மேலும் இரண்டு வரிகளைச் சேர்த்து விம் எடிட்டரில் சேமித்திருந்தேன். மின்சாரம் போனது அதற்குப் பிறகுதான். இப்போது வட்டில் இருப்பது கமிட் செய்த வடிவம் அன்று. நல்லவேளையாக விம்மில், திருத்த வரலாற்றைக் கோப்பாகச் சேமித்து வைக்கும் ‘அன்டூஃபைல்’ அமைப்பை எப்போதோ இயக்கி வைத்திருந்தேன். கோப்பைத் திறந்து ‘:எர்லியர் 1எஃப்’ என்று கொடுத்தால், கடைசியாகச் சேமித்ததற்கு முந்தைய சேமிப்பின் நிலைக்கு உரை திரும்பும். அதை வேறு பெயரில் சேமித்து ஹேஷ் பார்த்தேன்; 03 என்று தொடங்கும் அதே அடையாளம் வந்தது. இரண்டு வரிகளைக் கையால் நீக்கியிருந்தாலும் இது கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் பின்னொட்டாக ஓர் இடைவெளி தவறியிருந்தாலும் எங்கே தவறியது என்று ஹேஷ் சொல்லாது. சரியா தவறா என்று மட்டுமே சொல்லும்.

கடைசியாகச் சேமித்த அட்டவணைக் கோப்பு பிழைத்து, அதற்கு முன்னரே எழுதப்பட்ட ஆப்ஜெக்ட்கள் காலியானது எப்படி என்பதை இங்கே சொல்லிவிடலாம். விம் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ‘எஃப்சின்க்’ அழைத்துத் தரவை வட்டுக்குத் தள்ளுகிறது. கிட் தன் தனி ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு இயல்பாக அதைச் செய்வதில்லை. எக்ஸ்ட்4 கோப்பமைப்பு இடஒதுக்கீட்டைத் தள்ளிப்போடுவதால், கோப்பின் பெயர் ஜர்னலில் (கோப்பமைப்பின் மாற்றப் பதிவேட்டில்) பதிவாகி, உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலேயே இருக்கும் இடைவெளி ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் புதிய கோப்பைப் பெயர்மாற்றி வைக்கும்போது எக்ஸ்ட்4 அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. இன்டெக்ஸும், பிராஞ்சின் (கமிட்கள் தொடரும் கிளையின்) நுனியைச் சொல்லும் 41 பைட் கோப்பும் அப்படி எழுதப்படுபவை என்பதால் தப்பின. ஆப்ஜெக்ட்கள் புதிய பெயரில் புதிதாக வருபவை. அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ட்ரீக்கள் மூன்றும் ஒரே கட்டளையில் வந்தன. இரண்டு பிளாப்களும் இருக்க, இன்டெக்ஸும் கமிட் நேரத்து நிலையிலேயே இருக்க, ‘கிட் ரைட்-ட்ரீ’ கொடுத்தவுடன் 27, 91 இரண்டையும் எழுதி, மேல் ட்ரீயான 70-இன் முழு அடையாளத்தையும் அச்சிட்டது. வெளியே நகர்த்தி வைத்திருந்த காலிக் கோப்பின் பெயரோடு இலக்கம் இலக்கமாக ஒத்துப்பார்த்தேன். பிளாப்களை முதலில் மீட்காமல் இந்தக் கட்டளையைக் கொடுத்தால், ஆப்ஜெக்ட் இல்லை என்று சொல்லி நின்றுவிடும் என்பதால் வரிசை முக்கியம்.

மாலையின் பெரும்பகுதியைத் தின்றது கமிட் ஆப்ஜெக்ட்தான். அதன் உள்ளடக்கம் வெறும் உரை: ட்ரீயின் அடையாளம் ஒரு வரி, முந்தைய கமிட்டின் அடையாளம் ஒரு வரி, எழுதியவர் பெயரும் மின்னஞ்சலும் நேரமும் ஒரு வரி, கமிட் செய்தவருக்கு அதேபோல் ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் செய்தி. நேரம் என்பது 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளின் எண்ணிக்கை, கூடவே +0530. இவற்றில் ட்ரீ கையில் இருக்கிறது. முந்தைய கமிட்டும் தொலைச் சேமிப்பகத்தில் இருக்கிறது. பெயரும் மின்னஞ்சலும் பழைய கமிட்களில் உள்ளவையே. நேரத்தை ரெஃப்லாக்கில் (பிராஞ்சின் நுனி நகர்ந்த வரலாற்றுப் பதிவில்) பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி ‘.கிட்/லாக்ஸ்/ஹெட்’ கோப்பைத் திறந்தால், கடைசி வரி முந்தைய கமிட்டோடு முடிந்திருந்தது. அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் இறுதியில் ஒரு வரி சேர்த்து வளர்வது. புதிதாகச் சேர்ந்த வரி வட்டுக்குப் போகவில்லை.

எஞ்சிய தடயம் வெளியே நகர்த்திய 48-இன் நேரக்குறி. ஆப்ஜெக்ட் எழுதப்பட்ட நொடியை அது சொல்லும். கமிட்டில் உள்ள நேரம் அதற்குச் சற்று முன்னதாக இருக்க வேண்டும். எவ்வளவு முன்னதாக என்பது எனக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. நேரக்குறிக்கு முந்தைய 900 விநாடிகளில் ஒவ்வொன்றையும் எழுதிய நேரமாகவும், அதற்குச் சமமான அல்லது பிந்தைய ஒவ்வொன்றையும் கமிட் நேரமாகவும் வைத்து, உரையைக் கட்டி, தலைப்பைச் சேர்த்து, எஸ்எச்ஏ-1 கணக்கிட்டு, பிராஞ்ச் கோப்பில் உள்ள 40 இலக்கங்களோடு ஒப்பிடும் இருபது வரிப் பைத்தான் நிரலை எழுதினேன். மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம் இணைகள். பழைய கணினியிலும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

முடிந்தது, ஆனால் எதுவும் பொருந்தவில்லை.

தேடும் எல்லையை ஒரு மணி நேரமாக விரித்தும் பயனில்லை. விநாடிகளில் பிழை இல்லையென்றால் செய்தியில்தான் இருக்க வேண்டும். செய்தியை ‘.கிட்’ அடைவில் உள்ள ‘கமிட் எடிட்எம்எஸ்ஜி’ கோப்பிலிருந்து எடுத்திருந்தேன். கடைசிக் கமிட்டிற்கு எடிட்டரில் எழுதியது அதில் அப்படியே இருக்கும், விம் சேமித்தது என்பதால் அதுவும் தப்பியிருந்தது. எண் குறியில் தொடங்கும் விளக்க வரிகளை கிட் நீக்கிவிடும் என்பதையும், இறுதியில் ஒரே ஒரு வரிமுறிவை விட்டுவைக்கும் என்பதையும் கவனத்தில் கொண்டுதான் எடுத்திருந்தேன்.

சிக்கல் ‘கொ’ என்ற எழுத்தில் இருந்தது. செய்தியின் இரண்டாம் பத்தியில், மாற்றியின் வெளியீட்டிலிருந்து வெட்டி ஒட்டிய ‘கொடுமுடி’ என்ற சொல் இருந்தது. பாமினியில் கொம்பு முன்னும் கால் பின்னும் தனித்தனி விசைகளாக வருவதால், என் நிரல் அவற்றை ககரத்திற்குப் பின் கொம்பு, கால் என்று இரண்டு யூனிகோடு குறியீடுகளாகவே விடுகிறது. விசைப்பலகையில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் அங்கே ஒரே குறியீடு வரும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கோப்பைப் படிக்க என் பழைய நிரலிலிருந்து எடுத்த செயல்கூறு, படிக்கும்போதே உரையை யூனிகோடின் என்எஃப்சி என்ற இணைந்த வடிவத்திற்கு இயல்பாக்கி, அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. விளைவாக, கமிட் மூன்று பைட் குறைந்து போயிருந்தது. கோப்பை பைனரி முறையில் திறந்து, பைட்களை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி மாற்றி ஓட்டியதும், நிரல் ஒரே ஓர் இணையில் நின்றது.

கிடைத்த பைட்களை ‘கிட் ஹேஷ்-ஆப்ஜெக்ட் -டி கமிட் -டபிள்யூ --எஸ்டிடிஇன்’ வழியாக எழுதினேன். 48 தன் பழைய இடத்தில் வந்து அமர்ந்தது. பிராஞ்ச் கோப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் சரியான பெயரைத்தான் சுட்டிக்கொண்டிருந்தது. களஞ்சியத்தின் முழுமையைச் சோதிக்கும் ‘கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்’ ஓட்டியபோது, முன்பு சேர்த்துக் கைவிட்ட இரண்டு பிளாப்கள் எதனாலும் சுட்டப்படாமல் இருக்கின்றன என்ற தகவலைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. உடனே தொலைச் சேமிப்பகத்திற்குப் புஷ் செய்தேன் (அனுப்பினேன்).

களஞ்சியத்தைச் சுருக்கி ஒழுங்குபடுத்தும் ‘கிட் ஜிசி’ ஓட்டுவதை அதுவரை ஒத்திப்போட்டிருந்தேன். தனித்தனியாக இருந்த ஆப்ஜெக்ட்கள் ஒரே பேக் கோப்பாக மாறியதும் 14 எம்பி இருந்த அடைவு 2 எம்பிக்குக் கீழே வந்தது. வேறுபாடுகளைச் சேமிக்கும் வேலை உண்மையில் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. ‘கிட் வெரிஃபை-பேக் -வி’ பட்டியலில், 380 கேபி உள்ள அட்டவணைக் கோப்பின் அண்மை வடிவம் முழுமையாகவும், பழைய வடிவங்கள் அதையோ ஒன்றையொன்றோ அடிப்படையாகக் கொண்ட டெல்டாக்களாக (வேறுபாடுகளாக)ச் சில நூறு பைட்களிலும் இருந்தன. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்ற முன்னோடிப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், எல்லா வடிவங்களின் வரிகளையும் ஒரே கோப்பில் பின்னிவைத்தது. 1980-களில் வால்டர் டிக்கியின் ஆர்சிஎஸ் என்ற அதே வகை மென்பொருள் அண்மை வடிவத்தை முழுதாக வைத்துப் பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாக்கியது. கிட்டின் பேக், விளைவில் ஆர்சிஎஸ்ஸை நினைவூட்டினாலும், எந்த ஆப்ஜெக்ட்டுக்கு எது அடிப்படை என்பதைக் கமிட் வரிசையைக் கொண்டு தீர்மானிப்பதில்லை. கோப்புப் பெயரும் அளவும் ஒத்திருப்பவற்றை அடுத்தடுத்து வைத்து, இயல்பாகப் பத்துப் பத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. டெல்டாச் சங்கிலி 50 வரை நீளலாம். மீட்பவரின் கண்ணால் பார்த்தால் இது அச்சமூட்டுவது: பேக்கில் ஓர் அடிப்படை ஆப்ஜெக்ட் சிதைந்தால், அதைச் சார்ந்த டெல்டாக்கள் அனைத்தும் பயனற்றுப் போகும். என் சேதம் தனிக் கோப்புகளில் நேர்ந்ததால்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட முடிந்தது. சிதைவு இருக்கும்போது ஜிசி ஓட்டாமல் இருந்தது சரியான முடிவு என்றே இப்போதும் கருதுகிறேன்.

செலவு என்று பார்த்தால், ஏற்கெனவே வீட்டில் கிடந்த பென்டிரைவைத் தவிர மீட்புக்கு எதுவும் ஆகவில்லை. அதன்பிறகு 600 விஏ யுபிஎஸ் ஒன்று ₹3,400-க்கு வாங்கினேன். கிட்டின் அமைப்பில் ‘கோர்.எஃப்சின்க்’ என்பதற்கு ‘ஆல்’ என்ற மதிப்பைக் கொடுத்துள்ளேன்; 2022-இல் வந்த 2.36 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. சாதாரணக் கமிட்டில் தாமதம் தெரியவில்லை, கமிட்களை வரிசையாக மறுபடி எழுதும் நீண்ட ரீபேஸில் மட்டும் சுழல்வட்டின் முனகல் கேட்கிறது. அது தொல்லையாகத் தோன்றுபவர்கள் ‘கோர்.எஃப்சின்க்மெத்தட்’ என்பதற்கு ‘பேட்ச்’ கொடுத்துப் பார்க்கலாம். மாதிரிப் பக்கத்தை அனுப்பும் ஸ்கிரிப்ட்டின் வரிசையையும் மாற்றிவிட்டேன்: முதலில் தொலைச் சேமிப்பகத்திற்குப் புஷ், அது வெற்றியடைந்தால் மட்டுமே பக்கம் வெளியே போகும்.

மறுமுறை இப்படி நேர்ந்தால், காலிக் கோப்புகளை நகர்த்துவதற்கும் முன்பாக அவற்றின் நேரக்குறிகளை ‘ஸ்டாட்’ கட்டளையால் ஓர் உரைக் கோப்பில் எழுதி வைப்பேன். விநாடிகளைத் தேடும் நிரலைக் களஞ்சியத்தின் கருவிகள் அடைவிலேயே சேர்த்திருக்கிறேன், ஆனால் களஞ்சியம் திறக்காதபோது அது கைக்கு எட்டாது என்பதால் அதன் அச்சுப்படி ஒன்று யுபிஎஸ்ஸின் உத்தரவாதச் சீட்டோடு மேசை இழுப்பறையில் இருக்கிறது.